நியூயார்க்குக்கு எத்தனை மணி நேரம்?

கேள்வி: சிங்கப்பூர் - நியூயார்க் தூரம் சுமார் 15,300 கி.மீ. விமானம் மணிக்கு 900 கி.மீ. போனால் 17 மணி நேரம்தானே? டிக்கெட்டில் ஏன் 18 மணி நேரத்துக்கு மேல் போட்டிருக்கிறது?
- வாசகர், திருச்சி

பதில்: வகுத்தல் சரி, வழிதான் வேறு. பூகோள உருண்டையில் இரண்டு ஊருக்கும் இடையே ஒரு நூலை இழுத்துப் பிடியுங்கள். ஏறக்குறைய வட துருவத்தின் மேலேயே போகும். அந்தக் குறுக்கு வழிதான் உங்கள் 15,300. விமானி அதிலேயே போவதில்லை. பசிபிக்குக்கு மேலே கிழக்கு நோக்கி வீசும் உயரக் காற்று முதுகில் தள்ளுமென்றால், சில நூறு கி.மீ. சுற்றினாலும் லாபம்தான். ஓடுபாதைக்கு ஊர்ந்து போவது, மேலேறுவது, இறங்கக் காத்திருப்பது எல்லாமே டிக்கெட் நேரத்தில் சேர்த்தி.

சிங்கப்பூர் ஏர்லைன்ஸ் இதற்கு ஓட்டுவது ஏர்பஸ் ஏ350-900 விமானத்தின் நெடுந்தூர ரகம். எரிபொருள் கொள்ளளவு 1,65,000 லிட்டர். சாதாரண ரகத்தைவிட 24,000 லிட்டர் அதிகம். எடையைக் குறைக்க இருக்கைகள் வெறும் 161. எகானமி வகுப்பே கிடையாது! கையைக் கடிக்காமல் போக நினைத்தால், வழியில் இறங்கி மாறிப் போகும் டிக்கெட்டைப் பாருங்கள்.