ஒழுகுங் குழாய்

நம் உடலினுள் ஓடும் குருதிக் குழாய்களை நாம் நாள்தோறும் நினைந்து பார்ப்பதில்லை. அவ்வாறே, இல்லத்துச் சுவரினுள்ளும் மண்ணினுள்ளும் மறைந்து கிடந்து நீர் கொணரும் குழாய்களையும் நினைப்பதில்லை. அவை பழுதுற்று ஒழுகும் நாளிலேதான், அவை எங்கே தொடங்கி எவ்வழி வருகின்றன என்று தேடத் தலைப்படுகின்றோம். பழுதைச் சீர் செய்தல் கைவல்லோர் தொழில். ஆயின், பழுது கண்ட நாளுக்கும் அது சீர்பெறும் நாளுக்கும் இடையே சில நாள்கள் கழிகின்றன அன்றோ? அவ்விடைநாள்களில் இல்லத்தார் செய்யத்தக்கன யாவை என்பதை இப்பாடத்தில் காண்போம்.

நீர் வெளிப்படும் வகையைக் குறிக்கத் தமிழில் சொற்கள் பல உள. துளி வடிவங்கொள்ளாது ஈரமாய்ப் படர்தல் கசிதல். துளி துளியாய் வீழ்தல் சொட்டுதல். நூலிழைபோல் இடையறாது இறங்குதல் ஒழுகுதல். உள்ளிருக்கும் அழுத்தத்தால் வழி கிழித்துக்கொண்டு பாய்தல் பீறிடுதல். ஒழுகு என்னும் அடியினின்றே ஒழுக்கம் என்னும் சொல்லும் பிறந்தது. இதனைக் கூறி, “நீங்கள் ஒழுகுக; உங்கள் வீட்டுக் குழாய் ஒழுகாதிருக்க” என்று வகுப்பில் மாணவரை நகைக்கச் செய்வது என் வழக்கம். இச்சொற்களை வேறுபாடறிந்து வழங்குவோர்க்குப் பயன் ஒன்று உண்டு. குழாய்ப் பணியாளரிடம் சென்று, “தண்ணீர் வீணாகிறது” என்பதனினும், “முழங்கை மூட்டில் ஒழுகுகிறது” என்றோ, “சுவர் கசிகிறது” என்றோ கூறின், அவர் கொணரவேண்டிய கருவியும் உறுப்பும் இன்னவை என்பது அவருக்கு உடனே விளங்கும்.

இனி, என் இல்லத்தில் நேர்ந்ததைக் கூறுவேன். யான் வாழும் ஊரில் ஒரு நாள் விட்டு ஒரு நாள், காலை ஆறு மணி முதல் எட்டு மணி வரை குடிநீர் விடுவர். தெருக்குழாயினின்று பிரியும் இரும்புக் குழாய் என் வாயிற்படியருகே மண்ணுக்குள் நுழைந்து, வீட்டினுள் இருக்கும் தரைத்தொட்டியைச் சேரும். ஒருநாட் காலை வாயிலில் சேறு கண்டேன். மண்ணை அகழ்ந்து பார்த்தபோது, குழாயின் மூட்டில் மரையிட்ட இடம் துருவேறி, அங்கிருந்து நீர் ஒழுகிற்று. இரும்புக் குழாய் துருப்பிடியாதிருக்கத் துத்தநாகப் பூச்சு இடுவர். மரை வெட்டும்போது அப்பூச்சு அவ்விடத்தில் நீங்கிவிடுகிறது. ஆதலின் துரு முதலில் பற்றுவது பெரும்பாலும் மரையையே.

அலுவலகத்தில் முறையிட்டேன். தெருவைத் தோண்டவேண்டியிருத்தலின் ஆள்கள் வர எட்டு நாள் ஆகும் என்றனர். யான் மனம் வருந்தவில்லை. “சிறு ஒழுக்குத்தானே! அடியில் ஒரு செம்பை வைத்தால் வாழைக்கு நீராகும்” என எண்ணி, என் சிக்கனத்தை யானே மெச்சிக்கொண்டேன். ஒரு லிட்டர் கொள்ளும் அச்செம்பு ஒரு நிமிடத்தில் நிறைந்தது. அப்படியாயின் இரண்டு மணி நேரத்தில் 120 லிட்டர். நகரங்களில் ஒருவருக்கு ஒரு நாளைக்கு 135 லிட்டர் நீர் வேண்டும் என்பது இந்திய அரசு வகுத்துள்ள அளவு. ஏறக்குறைய ஒருவருக்குரிய ஒரு நாட்பங்கு ஒவ்வொரு முறையும் என் வாயிலில் சேறாயிற்று என்று கணக்கிட்ட பின்னரே நாணினேன். 2019-ஆம் ஆண்டுக் கோடையில் சென்னைக்கு நீர் தரும் ஏரிகள் வறண்டபோது, சோலையார்பேட்டையிலிருந்து புகைவண்டியில் நீர் கொண்டுசென்றதைச் செய்தித்தாளில் படித்து வியந்தவர்களுள் யானும் ஒருவன்.

எனினும் நீர் வீணாவதே தீங்கு என்றுதான் அப்போதும் எண்ணியிருந்தேன். அதனினும் பெரிய தீங்கு ஒன்றைக் கண்டு காட்டியவள் ஏழாம் வகுப்பிற் பயிலும் என் பேத்தி. ஐந்தாம் நாட் காலை எட்டு மணிக்கு நீர் நின்றது. அவள் குழியருகே அமர்ந்து, வேப்பம்பூ ஒன்றைக் கலங்கல் நீரில் இட்டு விளையாடிக்கொண்டிருந்தாள். திடுமென, “தாத்தா, இங்கே வந்து பாருங்கள். பூ தானாகவே குழாயை நோக்கிப் போகிறது!” என்றாள். சென்று நோக்கினேன். பூ மெல்ல நகர்ந்து, துருவேறிய மூட்டை அடைந்து, ஒழுக்கு வாயில் ஒட்டிக்கொண்டது. குழியின் நீர் குறைந்துகொண்டே வந்தது. செவி சாய்த்தபோது, குழந்தை பால் உறிஞ்சுவது போன்ற மெல்லிய ஒலி கேட்டது. குழிக்கு இரண்டு முழத் தொலைவில் சாக்கடை ஓடுகிறது. அதன் ஊற்றும் அக்குழியிற் கலந்திருந்தது.

இதன் காரணத்தை நன்கு உணர்ந்துகொள்ளுங்கள். குழாயினுள் நீர் அழுத்தத்துடன் நிற்கும்வரை ஓட்டை வழியே நீர் வெளியேறும், புறத்திலுள்ளது உட்புகாது. நீர் விடுவதை நிறுத்தியதும், குழாயில் எஞ்சிய நீர் தாழ்ந்த இடங்களை நோக்கி வடிகிறது. வடியும் நீர் தன்பின் வெற்றிடம் விட்டுச் செல்லுமாதலின், அவ்வெற்றிடம் புறத்திலுள்ளதை ஓட்டை வழியே உள்ளிழுக்கிறது. தெருவில் எவரேனும் தம் குழாயில் நேரே மோட்டார் பொருத்தி நீரை உறிஞ்சுவாராயின் இவ்விழுப்பு இன்னும் கடுமையாகும். அங்ஙனம் உறிஞ்சலாகாது என்று விதி இருத்தற்கு இஃதும் ஒரு காரணம். ஒழுகும் குழாய்க்கு வழி ஒன்றன்று, இரண்டு. பகலும் இரவும் நீர் நிறைந்து நிற்கும் குழாயில் இவ்வச்சம் குறைவு. விட்டு விட்டு நீர் வரும் ஊர்களிலோ அது ஒவ்வொரு முறையும் நேர்வது.

அழுக்கு நீர் கசிந்து உட்புகுதலால் வரும் கேட்டுக்கு உலகறிந்த சான்று ஒன்று இலண்டன் மாநகரத்தில் நிகழ்ந்தது. 1854-ஆம் ஆண்டு அந்நகரின் பிராடு தெருவைச் சூழ்ந்த பகுதியில் வாந்திபேதி பரவி 600-க்கு மேற்பட்டோர் மாண்டனர். சான் சுநோ என்னும் மருத்துவர், இறந்தோர் பலரும் அத்தெருவின் கைப்பம்பு நீரைப் பருகியோர் என்று கண்டறிந்து, அப்பம்பின் கைப்பிடியை நீக்கச் செய்தார். பின்னர்த் தோண்டிப் பார்த்தபோது, பம்பின் கிணற்றுக்கு மிக அணித்தாக ஒரு வீட்டின் கழிவுக்குழி இருந்தமையும், அதன் செங்கற்சுவர் சிதைந்து கழிவு கசிந்தமையும் வெளிப்பட்டன. அக்கிணற்று நீர் பார்வைக்குத் தெளிந்தே இருந்ததாகக் கூறுவர். நம் கண்ணை நம்பி நீரைக் குடிப்பது எத்துணைப் பிழை!

எம் இல்லத்தில் நான்கு நாளாக அந்நீரையே பருகி வந்தோம். பேத்தியின் தம்பிக்கு வயது மூன்று. அவனுக்கு இரண்டு நாளாக வயிற்றுப்போக்கு இருந்தது. மாம்பழம் மிகுதியாக உண்டான் என்று நாங்கள் கருதியிருந்தோம். வேப்பம்பூவைக் கண்ட அன்றே மருத்துவரிடம் கொண்டுசென்றோம். நீரே காரணம் என்று அவர் உறுதி கூறவில்லை. கூறுதற்கு இயலாது என்றார். ஆயினும் உப்பும் சர்க்கரையும் கலந்த கரைசலை இடைவிடாது ஊட்டச் சொல்லி, நீரைக் காய்ச்சாமல் எவரும் பருகலாகாது என்று கண்டித்தார். குழந்தை மூன்றாம் நாள் எழுந்து விளையாடினான். அவ்விரண்டு இரவும் என் இல்லாள் உறங்கவில்லை. என்னோடு பேசவும் இல்லை.

எஞ்சிய நாள்களில் நாங்கள் செய்தவற்றை இனிக் கூறுகிறேன். முதலாவது, குழியை உலர்த்தினோம். சாக்கடைப் பக்கம் களிமண்ணால் சிறு வரம்பு இட்டு, தேங்கிய நீரை முகந்து எறிந்து, குழாயின் அடியில் ஒரு சாண் ஆழம் வெற்றிடமாக விட்டோம். உறிஞ்சும் வாயின் அருகே அழுக்கு நீர் இல்லையாயின், அஃது உறிஞ்சுவது காற்றையே. இவ்வெளிய செயலை முதல்நாளே செய்யாது போனேனே என்று இன்றும் வருந்துகிறேன்.

அடுத்து, ஓட்டையைக் கட்டினோம். ஏரிக்கரையில் நண்டுவளை வழியே நீர் கசியக் கண்டால், கொத்தரும் கல்லும் வரும்வரை வைக்கோலும் களிமண்ணும் திணித்து உழவர் கரையைக் காப்பர். அதனைப் போன்றதே இக்கட்டும். நீர் வராத நாளில் குழாயைத் துடைத்து, துருவைச் சுரண்டி, ஈரம் அறப் போக்கவேண்டும். பழைய மிதிவண்டி டியூபை இருவிரல் அகல நாடாவாக வெட்டி, ஓட்டைக்கு ஒரு சாண் முன்னரே தொடங்கி, நன்றாக இழுத்து, ஒரு சுற்றின் மேல் மறுசுற்றுப் பாதி படியுமாறு சுற்றி, ஓட்டைக்கு அப்பாலும் ஒரு சாண் சென்று, கம்பியால் இறுகக் கட்டவேண்டும். இழுத்துச் சுற்றுவதிலேயே பயன் இருக்கிறது. தளரச் சுற்றிய இரப்பர் குழாய்க்கு அணிந்த சட்டை, அவ்வளவே. கடையில் விற்கும் வெண்ணிற டெஃப்லான் நாடாவைச் சிலர் புறத்தே சுற்றுவர். அது மரையினுள் இடுதற்கு உரியது. புறத்தே சுற்றுவதால் பயனில்லை. எம்-சீல் போன்ற பசைகளும் உண்டு. இரு கூற்றையும் சமமாகப் பிசைந்து, உலர்ந்த குழாயின்மேல் அப்பி, அவை இறுகும்வரை நீர்படாது காக்கவேண்டும். நீர் வடிந்துகொண்டிருக்கும்போதே அப்புவோர் பசையையும் பொழுதையும் இழப்பர். எம் கட்டினால் ஒழுக்கு நிற்கவில்லை, சொட்டு ஆயிற்று. அதுவே எங்களுக்குப் போதும்.

நீர் வரும் நாளில் முதல் சில நிமிடம் வரும் நீரைத் தரைத்தொட்டிக்குள் விடாது, வாளிகளிற் பிடித்துத் தெருவைக் கழுவவும் மரங்களுக்கு ஊற்றவும் பயன்படுத்தினோம். குழாயினுள் ஏதேனும் புகுந்திருப்பின் அது முதல் நீரோடு வந்துவிடும். பருகும் நீருக்கு எதிர்வீட்டு அம்மையாரிடம் நாளுக்கு இரண்டு குடம் வேண்டினோம். “இதற்கெல்லாம் கேட்க வேண்டுமா, ஐயா? குடத்தைக் கொடுத்தனுப்புங்கள்” என்று அவர் கூறினார். அதனையும் காய்ச்சியே பருகினோம். நீர் கொதித்துக் குமிழிகள் பொங்கத் தொடங்கியபின் ஒரு நிமிடமேனும் அடுப்பில் இருத்தல் வேண்டும். சூடேறியதும் இறக்குவது காய்ச்சுதல் ஆகாது. துணியில் வடிகட்டினால் தூசி நீங்கும்; நோய்க்கிருமி நீங்காது. நகராட்சியார் நீரில் குளோரின் கலந்தே விடுகின்றனர். எனினும் சேறு புகுந்தால், அச்சேற்றோடு வினைப்பட்டே அக்குளோரின் தீர்ந்துபோகும்.

ஒழுகிய நீரைப் பிடித்து வைத்த கலங்களையெல்லாம் மூடினோம். டெங்குக் காய்ச்சல் பரப்பும் கொசு தேங்கிய தெளிந்த நீரிலேயே முட்டையிடும். முட்டை கொசுவாதற்கு ஏழெட்டு நாளே போதும். அம்முட்டைகள் கலத்தின் உட்சுவரில் ஒட்டிக்கொண்டு நீர் வற்றினும் அழியாமல் இருத்தலின், வாரம் ஒருமுறை நீரைக் கொட்டுதலோடு தேய்த்துக் கழுவுதலும் வேண்டும்.

மேல்நிலைத் தொட்டியிலிருந்து இறங்கும் குழாயில் பழுது நேரின் நிலைமை சற்று வேறு. அங்கே நீர் எந்நேரமும் நிற்பதால் இழப்பும் எந்நேரமும் நிகழும். ஆயினும் தொட்டியின் அடியில் உள்ள வால்வை வலப்புறமாகத் திருகி அடைத்துவிடலாம். நீண்டநாள் திருகப்படாத வால்வு இறுகிக் கிடக்கும். கருவியிட்டு முறுக்கினால் தண்டு முறியும். சிறிது முன்னும் சிறிது பின்னுமாக அசைத்து இளக்குக. கசிவு உண்டோ என ஐயமாயின், இரவில் எல்லாக் குழாயையும் அடைத்துத் தொட்டியின் உட்புறம் நீர்மட்டத்தில் கரிக்கோடு இட்டு, விடியலில் நோக்குக. சுவர் ஈரமாகி, அச்சுவரில் மின்சுவிட்சோ மின்கம்பியோ இருக்குமாயின், வேறெதனையும் செய்யுமுன் மின்னிணைப்பை முதன்மைச் சுவிட்சில் நிறுத்துக. அச்சுவிட்சே நனைந்திருப்பின் அதனைத் தொடாது மின்பணியாளரை அழையுங்கள். ஈரச்சுவரைக் கையால் தொட்டுப் பார்க்கும் ஆர்வம் உங்களுட் சிலருக்கு உண்டு என்பதை அறிவேன்.

எட்டு நாள் என்றது பதினொரு நாளாயிற்று. வந்த பணியாளர் இளைஞர். எங்கள் டியூபுக் கட்டை அவிழ்த்தபோது, “யார் ஐயா கட்டியது? நன்றாகக் கட்டியிருக்கிறார்களே!” என்றார். பேத்தி என்னைப் பார்த்தாள். யான் அவளைச் சுட்டினேன். பழைய மூட்டை அறுத்தெடுத்துப் புதுக்குழாய் இணைத்து, சாக்கடைப் பக்கத்தை விட்டு விலக்கி அமைத்தார். “தம்பி, இனி நேரே குடிக்கலாமா?” என்று வினவினேன். “இரண்டு தடவை வரும் நீரை வெளியே விடுங்கள், தரைத்தொட்டியை இறைத்துத் தேய்த்துக் கழுவிப் பிளீச்சிங் பொடி போடுங்கள், அதுவரை காய்ச்சுங்கள், ஐயா” என்றார். அறுத்தெடுத்த மூட்டைக் கேட்டு வாங்கிக்கொண்டேன். அதிலுள்ள ஓட்டையில் ஒரு நெல்மணி நுழையும். இப்போது அது என் புத்தக அலமாரியில், நிகண்டுகளுக்கு அருகில் இருக்கிறது.