காணாச் செல்வத்தின் கணக்கு

வயலில் விளைந்த நெல்லைக் களத்தில் குவித்து மரக்கால் கொண்டு அளக்கலாம். கிடையில் அடைத்த ஆடுகளைத் தலையெண்ணிக் கணக்கிடலாம். கடலடியில் பாறையிடுக்குகளில் மறைந்து வாழும் உயிரினத்தை எங்ஙனம் அளப்பது? அளவறியாது பிடித்துக்கொண்டே சென்றால் ஒரு நாள் கூடு வெறுமையாக மேலே வரும். அன்று அறிந்து பயனில்லை. இவ்வினாவுக்கு விடை கண்டே தீரவேண்டிய நிலையில் ஒரு சிற்றூர் இருக்கிறது.

தெற்கு அட்லாண்டிக் பெருங்கடலில் உள்ள டிரிஸ்டன் டா குன்ஹா என்னும் தீவே அது. தென்னாப்பிரிக்காவின் கேப்டவுன் நகருக்கும் அதற்கும் இடையே ஏறத்தாழ 2,800 கிலோமீட்டர் கடல் கிடக்கிறது. விமான நிலையம் இல்லை. கப்பலில் ஒரு வாரம் செல்ல வேண்டும். மக்கள்தொகை இருநூற்றைம்பதுக்கும் குறைவு. 1949இல் அங்குத் தொடங்கிய சிங்கி இறால் தொழிலே தீவின் வருவாயில் பெரும்பகுதியை ஈட்டித் தருகிறது. 1961இல் எரிமலை வெடித்து இறால் தொழிற்சாலையை நெருப்புக் குழம்பு மூடியது. இங்கிலாந்துக்குக் கொண்டு செல்லப்பட்ட மக்கள், 1963இல் விரும்பித் திரும்பிவந்து அதே தொழிலை மீண்டும் தொடங்கினர். வேறு தொழிலுக்கு அங்கு வழியில்லை என்பதை நாம் நினைவிற்கொள்ள வேண்டும்.

கடல் அமைதியாக உள்ள நாளில், விடியற்காலையில், தொங்கவிடப்பட்ட பழைய எரிவாயு உருளை ஒன்றைத் தட்டி ஒலி எழுப்புவர். அவ்வொலி கேட்டதும் சிறு படகுகள் புறப்படும். அருகிலுள்ள நைட்டிங்கேல், இன்னாக்சஸிபிள் தீவுகளிலும், தெற்கே தொலைவிலுள்ள கஃப் தீவிலும் பெரிய கப்பல் சென்று பிடிக்கிறது. நான்கு தீவுகளுக்கும் தனித்தனியே ஆண்டு வரம்பு உண்டு. வளர்ந்த சிங்கி இறால் ஆழ்கடலைக் கடந்து மற்றொரு தீவுக்குச் செல்வதில்லையாதலால், ஒரு தீவின் குறைவை மற்றொன்றின் நிறைவு ஈடுசெய்யாது.

இனி, அளக்கும் முறையை நோக்குவோம். எத்தனை கூடுகள் இறக்கப்பட்டன, அவற்றில் எவ்வளவு கிடைத்தது என்பது நாள்தோறும் ஏட்டில் பதியப்படுகிறது. முதுகோட்டின் நீளம் அளக்கப்படுகிறது. ஆணா, பெண்ணா, முட்டை தாங்கியதா என்று பார்க்கப்படுகிறது. குறித்த அளவுக்குச் சிறியனவும் முட்டையுள்ளனவும் கடலுக்கே திரும்புகின்றன. இக்குறிப்புகளைக் கேப்டவுன் பல்கலைக்கழக அறிஞர்கள் கணித முறையில் ஆராய்ந்து வரம்பினைப் பரிந்துரைக்கின்றனர்.

எளிதாகத் தோன்றும் இம்முறையில் ஓர் ஏமாற்று ஒளிந்திருக்கிறது. தேர்ந்த மீனவர் இறால் மிகுந்த பாறையை நாடியே கூட்டை இறக்குவார். ஒரு பாறை வற்றினால் அடுத்ததற்கு நகர்வார். கூடொன்றுக்குக் கிடைக்கும் அளவு ஆண்டுதோறும் மாறாதிருக்க, கடலடியில் வளம் தேய்ந்துகொண்டே போகலாம். மீனவரின் திறமையே கணக்கைப் பொய்யாக்கிவிடும்! ஆகையால், வாணிப நோக்கின்றி ஆய்வுக்கென்றே கூடுகளை இறக்கிப் பார்க்கும் அளவாய்வும் தேவையாகிறது. சிறியவை குறைந்து பெரியவை மட்டுமே ஏறுமானால், இன்றைய கூடு நிறைந்திருப்பினும் நாளைய கூடு நிறையாது என அறிஞர் கொள்வர். முதியோர் மட்டும் எஞ்சிய ஊரின் நிலையை இதற்கு ஒப்பிடலாம்.

இக்கணக்கின் அருமை 2011இல் வெளிப்பட்டது. அவ்வாண்டு மார்ச் 16ஆம் நாள், பிரேசிலிலிருந்து சோயா மொச்சை ஏற்றிவந்த 'ஒலிவா' என்னும் சரக்குக் கப்பல் நைட்டிங்கேல் தீவின் பாறையில் மோதி உடைந்தது. மாலுமிகள் அனைவரும் காப்பாற்றப்பட்டனர். ஆனால் எரியெண்ணெயும் பல்லாயிரம் டன் சோயாவும் கடலில் கலந்தன. எண்ணெய் படிந்த பென்குயின் பறவைகள் மூவாயிரத்துக்கு மேற்பட்டவற்றைத் தீவு மக்கள் தம் ஊருக்குக் கொணர்ந்து கழுவிப் பேணினர், பெரும்பாலானவை பிழைக்கவில்லை. பறவையின் துன்பம் கண்ணுக்குத் தெரிந்தது. சிங்கி இறாலுக்கு நேர்ந்தது யாருக்குத் தெரியும்?

நைட்டிங்கேல் தீவில் இறால் பிடிப்பு நிறுத்தப்பட்டது. இருநூற்றுச் சொச்சம் பேர் கொண்ட ஊர் தன் வருவாயின் ஒரு பகுதியைத் தானே நிறுத்திக்கொள்வது எளிதன்று. பின்னர்க் குறைந்த வரம்புடன் அது மீண்டும் திறக்கப்பட்டது. அங்ஙனம் திறப்பதற்கு, விபத்துக்கு முந்தைய ஆண்டுகளின் ஏடுகள் ஒப்புநோக்க உதவின. முன்னைய கணக்கு இல்லாதவிடத்துப் பின்னைய சேதத்தை அளக்கும் கோல் ஏது? இதிலும் ஓர் இடர்ப்பாடு உண்டு. முட்டையிலிருந்து வெளிவந்த குஞ்சு பல மாதங்கள் கடலில் மிதந்து, பிறகே பாறையில் தங்கும். பிடிக்கத்தக்க அளவை எய்தப் பின்னும் பல ஆண்டுகள் ஆகும். எனவே 2011இன் இளங்குஞ்சுகளுக்கு நேர்ந்த கேட்டை 2012இன் கூடு காட்டாது. பொறுத்திருந்து ஆண்டுதோறும் அளப்பதன்றி வேறு வழியில்லை.

2020இல் தீவைச் சூழ்ந்த கடலில் ஏறத்தாழ 6,87,000 சதுர கிலோமீட்டர் காப்புப் பகுதியாக அறிவிக்கப்பட்டது. அதன் பெரும்பகுதியில் மீன்பிடித்தலே தடை செய்யப்பட்டு, தீவுகளையொட்டிய சிறு பகுதி சிங்கி இறால் தொழிலுக்கு விடப்பட்டது. எல்லை மீறும் கப்பல்களைச் செயற்கைக்கோள் காட்டிக்கொடுக்கும். பாறையிடுக்கில் உள்ளதை அது காட்டாது. அதற்குக் கூட்டை இறக்கித்தான் பார்க்க வேண்டியிருக்கிறது.