கட்டும் பேண்டேஜும்

சோழபுரம் அமைந்துள்ள இராசபாளையம் வட்டாரம் நூற்பாலைகளுக்கும் தறிகளுக்கும் பெயர்பெற்றது. இவ்வட்டாரத்துச் சத்திரப்பட்டியில் மிகுதியாக நெய்யப்படும் துணி உடுத்துவதற்கு உரியதன்று. புண்ணுக்குக் கட்டுவதற்கு உரியது. இழைகளை நெருக்காமல் இடைவெளி விட்டு நெய்து, காரநீரில் வேகவைத்து வெளுப்பர். பருத்தியின் இயல்பான மெழுகு நீங்கிய பின்னரே துணி ஈரத்தை உறிஞ்சும். இதனைப் 'பேண்டேஜ் துணி' என வழங்குகின்றனர்.

இதனை ஆங்கிலச் சொல் என்பர். ஆயின், ஆங்கிலத்திற்கும் இது வந்த சொல்லே. 16ஆம் நூற்றாண்டின் இறுதியில் பிரெஞ்சு மொழியிலிருந்து ஆங்கிலம் இதனைப் பெற்றது. பிரெஞ்சில் 'பாந்த்' என்பது நீண்ட பட்டைத் துணி. அதனோடு 'ஆஜ்' என்னும் விகுதி சேர்ந்து 'பாந்தாஜ்' ஆயிற்று. அவ்விகுதி தமிழின் 'தல்', 'அல்' போலத் தொழிலையும் உணர்த்த வல்லது. ஆகவே அச்சொல் கட்டும் செயலையும் குறித்தது; கட்டிய துணியையும் குறித்தது.

தமிழிலும் இவ்வாறே நிகழ்ந்துள்ளது. 'கட்டு' என்பது முதனிலைத் தொழிற்பெயர். 'கட்டை அவிழ்த்தான்' என்னுமிடத்தில் அது செயலைக் குறிக்காமல், செயலால் அமைந்த பொருளுக்கு ஆகி வந்தது; எனவே தொழிலாகுபெயர்.

'பாந்த்' என்பதன் வேர் செருமானிய மொழிகளைச் சார்ந்தது. கட்டுதலைக் குறிக்கும் 'பைண்ட்' என்னும் ஆங்கில வினை அதன் உறவுச்சொல். தன் வீட்டுச் சொல்லின் உறவையே ஆங்கிலம் அயல்வீட்டிலிருந்து கடன் வாங்கியது எனலாம். வடமொழியின் 'பந்த்' என்னும் வினையடியும் இக்குடும்பத்ததே. பந்தம், சம்பந்தம், நிபந்தனை ஆகியவை அதன்வழித் தமிழுக்கு வந்தவை.

சம்பந்தம் வடசொல், பேண்டேஜ் என்பதை இக்கால இலக்கண நூலார் திசைச்சொல்லுள் அடக்குவர். ஒரு வேரில் கிளைத்த இரண்டும் வெவ்வேறு வகையில் நிற்றல் பிழையன்று. அவ்வகைப்பாடு சொல் வந்த வழியை நோக்கியது, வேரை நோக்கியதன்று.

பேண்டேஜ் வந்தமையால் 'கட்டு' வழக்கொழிந்ததா? மருத்துவமனையில், "பேண்டேஜ் வாங்கி வாருங்கள், கட்டுப் போடலாம்" என்று செவிலியர் கூறுவதைக் கேட்கலாம். துணிக்கு வந்த சொல்லும் செயலுக்கு இருந்த சொல்லுமாக வேலையைப் பகிர்ந்துகொண்டன. எலும்பு முறிவுக்குச் பாரிஸ் சாந்து தோய்த்த அதே துணியைச் சுற்றும்பொழுது அயற்சொல் அறவே விலகிவிடுகிறது. அது 'மாவுக்கட்டு'. எந்தக் கலைச்சொல் குழுவும் கூடி ஆக்காத, மக்கள் வாயில் பிறந்த சொல் அது.