லீசிங் முடிந்த பின் எந்தக் காப்புறுதி? மூத்த சாரதிகளுக்குச் சில கணக்குகள்

வாகனத்துக்கு லீசிங் இருக்கும் வரை காப்புறுதி பற்றி நாம் அதிகம் யோசிப்பதில்லை. முழுக் காப்புறுதி இருக்க வேண்டும் என்று லீசிங் கம்பனியே கேட்கும். கடைசித் தவணையும் கட்டி முடிந்து, புத்தகம் கைக்கு வந்த பிறகுதான் முடிவு நமதாகிறது. "வயது போய்விட்டது, மாதத்தில் இரண்டு மூன்று தரம் பதுளைக்குப் போய் வருவதற்கு ஃபுல் இன்சூரன்ஸ் எதற்கு? தேர்ட் பார்ட்டி போதுமே" என்ற பேச்சை மொனராகலைக் கடைத்தெருவில் நான் அடிக்கடி கேட்கிறேன். அறுபதைக் கடந்த சாரதி என்ற வகையில் எனக்கும் இது சொந்தக் கேள்விதான்.

வியாபாரி இந்தக் கேள்விக்கு வியாபாரக் கணக்கில்தான் பதில் தேட வேண்டும். "கட்டணம் எவ்வளவு?" என்பதை இரண்டாவதாகக் கேட்போம். "எந்த நட்டம் வந்தால் என் கடையின் முதல் கரைந்துவிடும்?" என்பதே முதற் கேள்வி.

தேர்ட் பார்ட்டி எதைத் தாங்கும்?

1951ஆம் ஆண்டின் 14ஆம் இலக்க மோட்டார் வாகனச் சட்டப்படி, காப்புறுதியின்றி வாகனத்தைப் பாதையில் செலுத்த முடியாது. அச்சட்டத்தின் நோக்கம் நமது வாகனத்தால் பிறருக்கு ஏற்படும் மரணத்துக்கும் காயத்துக்கும் நட்டஈடு கிடைக்கச் செய்வதாகும். நமது வாகனத்தைத் திருத்த மூன்றாந் தரப்புக் காப்புறுதியில் ஒரு சதமும் கிடைக்காது. பிறரது கடைச் சுவரை, வாகனத்தை உடைத்தால் எவ்வளவு வரை கொடுப்பார்கள் என்ற எல்லையையும் பத்திரத்தில் பார்த்துக்கொள்ள வேண்டும்.

இனி நமது பாதையை நினைத்துப் பாருங்கள். பசறை வழியாகப் பதுளைக்கு ஏறும் வளைவுகளை நாம் அறிவோம். 2021 மார்ச்சில் பசறை 13ஆம் கட்டையிலும், 2025 செப்டெம்பரில் எல்ல - வெல்லவாய வீதியிலும் பஸ்கள் பள்ளத்தில் வீழ்ந்ததை மறக்கவில்லை. பதுளை நகரை நெருங்கினால் வேறு வகைச் சிரமம். 2005இல் ஊவா வெல்லஸ்ஸ பல்கலைக்கழகம் அமைந்த பின் மாணவர் நடமாட்டமும் மோட்டார் சைக்கிள்களும் முச்சக்கரவண்டிகளும் பெருகியுள்ளன. இளைஞனின் கண்ணும் காலும் காட்டும் வேகத்தை நாம் இனிக் காட்ட முடியாது. புத்தல பக்கம் இரவில் யானை குறுக்கிட்டால், நட்டஈடு கேட்க எதிர்த்தரப்பு என்று யாருமே இல்லை.

ஆகவே என் அளவுகோல் இதுதான்: வாகனம் முழுதாக அழிந்தாலும் கடை பாதிக்காது என்ற அளவுக்குப் பழைய வாகனமென்றால் தேர்ட் பார்ட்டி போதும். அதே தரத்தில் இன்னொன்றை வாங்கக் கடை முதலில் கைவைக்க வேண்டி வருமென்றால் முழுக் காப்புறுதியே தேவை.

பெறுமதியில் ஏமாற வேண்டாம்

2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டு, தனியார் வாகனங்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் மீண்டும் திறக்கப்பட்டது. இடையில் பழைய வாகனங்களின் விலை வெகுவாக ஏறியது. ஆனால் பத்திரத்தில் பழைய பெறுமதியையே தொடர்பவர்கள் பலர். பல பத்திரங்களில் 'சராசரி விதி' என்றொன்று உண்டு. சந்தையில் 60 இலட்சம் பெறும் வாகனத்தை 40 இலட்சத்துக்குக் காப்புறுதி செய்திருந்தால், 9 இலட்சம் சேதத்துக்கு அவ்விதிப்படி 6 இலட்சமே கிடைக்கும். மிகுதி 3 இலட்சம் நமது கையிலிருந்து போகும். அதிகமாகக் குறிப்பிடுவதிலும் இலாபமில்லை. சந்தைப் பெறுமதிக்கு மேல் தரமாட்டார்கள். எனவே ஒவ்வொரு வருடமும் புதுப்பிக்கும் முன் விலையை விசாரித்துத் திருத்திக்கொள்ளுங்கள்.

கட்டணம் பாரமாக இருந்தால் வாகனத்தின் பெறுமதியைக் குறைக்காதீர்கள். 'எக்ஸஸ்' எனப்படும், ஒவ்வொரு விபத்திலும் நாமே ஏற்கும் முதற்தொகையைக் கூட்டிக் கேளுங்கள். சிறு கீறலைக் கைக்காசில் திருத்திக்கொண்டால் 'நோ க்ளெய்ம் போனஸ்' கழிவும் தப்பும். சிறு நட்டத்தை நாம் சுமப்போம்; நம்மை விழுத்தும் பெரிய நட்டத்தைக் காப்புறுதி சுமக்கட்டும்.

மேலதிகமாகக் கேட்க வேண்டியவை

வெள்ளம், மண்சரிவு போன்ற இயற்கை அனர்த்தங்கள் உள்ளடங்குகின்றனவா? 2014 மீரியபெத்தையும், 2025 நவம்பர் டித்வா சூறாவளியின்போது பதுளை மாவட்டத்தில் நிகழ்ந்த சரிவுகளும் போதுமான பாடம். கலவரம், பயங்கரவாதம் ஆகியவற்றுக்கான பாதுகாப்பு சேர்க்கப்பட்டுள்ளதா? அளுத்கம (2014), திகன (2018), 2019 மே மாத வன்செயல்கள் ஆகியவற்றில் நம்மவரின் கடைகளோடு வாகனங்களும் எரிந்தன. இந்தப் பகுதிக்கான கட்டணத்தை மிச்சம் பிடிப்பது புத்திசாலித்தனமல்ல. சாரதிக்கான தனிநபர் விபத்துக் காப்பில் வயதெல்லை இருக்கக்கூடும். உங்கள் வயதைச் சொல்லி எழுத்தில் பதில் வாங்குங்கள்.

பத்திரம் செல்லாமற் போகும் இடங்கள்

இலகு வாகனச் சாரதி அனுமதிப்பத்திரம் 8 வருடங்களுக்கே செல்லுபடியாகும். காலாவதியான அனுமதிப்பத்திரத்தோடு ஓட்டினால் இழப்பீடு மறுக்கப்படலாம். புதுப்பிக்க மருத்துவச் சான்றிதழ் வேண்டும்; அதைச் சடங்காக எண்ணாமல் கண்ணில் வெண்படலம், நீரிழிவு இருப்பின் முதலில் வைத்தியரைக் காணுங்கள். விண்ணப்பத்தில் கேட்கப்படும் நோயை மறைப்பது சட்டப்படியும் ஆபத்து; மார்க்கத்திலும் அது மோசடியே. சொந்தப் பாவனைக்கென எழுதிய வேனில் கூலிக்குச் சாமான் ஏற்றுவதும், லேர்னர் அனுமதி மட்டுமுள்ள மகனிடம் சாவியைக் கொடுப்பதும் இவ்வகையே. உண்மையான பாவனையை முன்கூட்டியே எழுதிக் கொடுங்கள்.

வட்டி, நிச்சயமின்மை பற்றிய தயக்கம் உள்ளவர்களுக்கு நமது நாட்டில் 1999 முதல் தகாபுல் முறை இருந்து வருகிறது. பங்குபற்றுவோர் நன்கொடையாகச் சேர்க்கும் நிதியிலிருந்து நட்டமடைந்தவருக்கு உதவுவது அதன் அடிப்படை. ஆனால் தகாபுல் என்ற பெயரைப் பார்த்து மாத்திரம் கையொப்பமிடாமல், மேற்சொன்ன அத்தனை கேள்விகளையும் அங்கும் கேளுங்கள்.

இழப்பீட்டில் பிணக்கு வந்தால் முதலில் கம்பனிக்கு எழுத்தில் முறையிடுங்கள். தீராவிட்டால் காப்புறுதி ஒம்புட்ஸ்மனும், இலங்கை காப்புறுதி ஒழுங்குபடுத்தல் ஆணைக்குழுவும் இருக்கின்றன. அதற்குத் தேவை பத்திரத்தின் பிரதியும், ஏஜன்ட் வாயால் சொன்னதன் எழுத்து வடிவமும். இரண்டையும் கடைக் கணக்குப் புத்தகத்தோடு சேர்த்து வையுங்கள்.

ஒட்டகத்தைக் கட்டிவிட்டுத் தவக்குல் வைக்கச் சொன்ன மார்க்கம் நம்முடையது. அடுத்த புதுப்பித்தலுக்கு முன் பத்திரத்தை எடுத்து ஒரு முறை முழுதாக வாசியுங்கள். நமது பயணங்களையும் பொருளையும் அல்லாஹ் பாதுகாப்பானாக.