மலைக்காட்டுக்கு வந்த நோய்

வட்டவளையில் மழை ஒரு புதினமன்று. ஆண்டுக்கு 5000 மில்லிமீற்றருக்கு மேல் பெய்யும் ஊர் இது. இடுப்பில் படங்கைக் கட்டிக்கொண்டு கொழுந்துக்குப் போகும் நம் தாய்மாரிடம் தண்ணீர்ப் பஞ்சம் வரும் என்றால் சிரிப்பார்கள். ஆனால் மாசி, பங்குனி மாதங்களில் லயத்துப் பீலி நூல்போல ஒழுகும்போது குடத்தோடு வரிசையில் நிற்பவர்களும் அவர்களே. வானம் கொடுத்த மழையைப் பிடித்து வைத்து, வெயில் காலத்தில் சிறுகச் சிறுக விடுவது மலைக்காடு. அந்தக் காட்டுக்கே நோய் கண்டிருக்கிறது.

ஹோட்டன் சமவெளியை நம்மில் பலர் சுற்றுலாப் போய்ப் பார்த்திருப்போம். மகாவலி, களனி, வளவை ஆகிய மூன்று ஆறுகளுக்கும் அங்கே தலையூற்றுகள் உண்டு. சமவெளியின் ஓரத்தில் 2357 மீற்றர் உயரத்தில் நிற்பது தொட்டுபொல மலை. அங்குள்ள மரங்கள் நுனியிலிருந்து கீழ்நோக்கிக் காய்ந்து பட்டுப்போவதை 1970களிலேயே வனத்துறை அறிந்தவர்கள் கண்டு எழுதினார்கள். கீனா மரம் மிகவும் அடிபட்டது. கோடரி பட்ட தழும்பில்லை, தீப்பட்ட கரியுமில்லை. நின்ற நிலையிலேயே மரம் வெள்ளெலும்பாகிவிடுகிறது.

காரணம் என்ன? ஆய்வாளர்கள் ஒன்றையல்ல, பலவற்றைச் சுட்டுகிறார்கள். வரட்சி, மண்ணில் சத்துக் குறைவு, ஈயம் போன்ற உலோகங்கள், பட்டையை உரிக்கும் மரைகள், இவற்றோடு அமிலம் கலந்த மூடுபனி. இக்கடைசிக் காரணத்தைச் சற்று விளக்க வேண்டும்.

நிலக்கரி, டீசல் முதலியவை எரியும்போது கந்தக, நைதரசன் வாயுக்கள் எழுகின்றன. அவை காற்றோடு நெடுந்தூரம் சென்று முகில் நீரில் கரைந்து அமிலமாகின்றன. மழைத்துளி பெரியது, அதில் அமிலம் ஐதாகிவிடும். மூடுபனித் துளியோ மிகச் சிறியது. அதில் அமிலம் செறிந்திருக்கும். பனிக்குள் நாள் முழுதும் நிற்கும் மரத்தின் இலைமேலுள்ள மெழுகுப் பூச்சை அது அரிக்கிறது. மண்ணில் இறங்கினால் கல்சியத்தைக் கழுவிக்கொண்டு போய், அலுமினியத்தை விடுவித்து, நுண்ணிய வேர்களைக் கெடுக்கிறது. இப்படி நலிந்த மரம் ஒரு நீண்ட வரட்சியைத் தாங்காது. சுகமான மனிதன் தாங்கும் காய்ச்சலை நோயாளி தாங்குவானா?

பூமி சூடேறுவதும் இத்துடன் சேருகிறது. வெப்பம் கூடினால் தாழ்ந்த இடத்துச் செடிகள் குளிரைத் தேடி மேலே ஏறலாம். உச்சியில் நிற்கும் கீனா எங்கே ஏறும்? அதற்கு மேல் மலையில்லை. முகில் உயர்ந்துவிட்டால் இலைகள் மூடுபனியிலிருந்து வடித்து நிலத்துக்குக் கொடுக்கும் நீரும் குறையும்.

நுரைச்சோலை அனல்மின் நிலையத்தின்மேல் முழுப் பழியையும் போடுவோர் உண்டு. அது 2011இல் தான் இயங்கத் தொடங்கியது. மரங்கள் அதற்கு முப்பது ஆண்டுகளுக்கு முன்னரே காய்ந்தன. அதற்காக அதன் புகை நல்லதென்று ஆகிவிடாது. வாடைக்காற்று இந்தியாவின் புகையையும் நமக்குக் கொண்டுவருகிறது. சுள்ளி பொறுக்கும் தோட்டத்துப் பெண்ணை மட்டும் காட்டின் பகைவி என்று சொல்வதை நான் ஒப்பமாட்டேன். கோப்பிக்கும் தேயிலைக்கும் முழு மலைகளை வெட்டியது அவளா?

ஜேர்மனியின் கதை இங்கே உதவும். 1980களின் தொடக்கத்தில் அங்கே காடுகள் யாவும் சாகப்போகின்றன என்று மக்கள் கலங்கினார்கள். நாடுகள் பல 1979இல் ஜெனீவாவில் உடன்படிக்கை செய்து, பின்னர் ஆலைப் புகையிலிருந்து கந்தகத்தைப் பிரித்தெடுத்தன. அஞ்சியபடி காடு அழியவில்லை. ஆனால் 2018 முதல் வந்த கடும் வரட்சியும் பட்டைவண்டும் அதே நாட்டில் ஊசியிலை மரங்களைப் பெருமளவில் கொன்றன. புகையை அடக்கியவர்களால் வெயிலை அடக்க முடியவில்லை.

ஆதியாகமத்தின் இரண்டாம் அதிகாரத்தில், மனிதன் தோட்டத்தில் வைக்கப்பட்டது அதைப் பண்படுத்துவதற்கு மட்டுமன்று, காப்பதற்குமே. பண்படுத்துவதில் நம் மக்களை மிஞ்ச ஆளில்லை. திருத்தந்தை பிரான்சிஸ் 2015இல் எழுதிய ‘லவுதாத்தோ சி’ சுற்றுமடலில், சுத்தமான குடிநீர் மனிதனின் அடிப்படை உரிமை என்று கூறியிருப்பது லயத்துப் பீலியடியில் நிற்பவருக்குச் சொன்னதுபோலவே இருக்கிறது.

நாம் தொட்டுபொல மலையைக் காக்கப் போக முடியாது. நம் பீலிக்கு மேலுள்ள ஊற்றுக்கண்ணைச் சுற்றி மரங்களை விட்டுவைக்கலாம். அங்கே குப்பை எரிக்காதிருக்கலாம். அவ்விடத்தில் தேயிலையோ மரக்கறியோ போடாதிருக்கத் தோட்ட நிர்வாகத்திடம் சங்கத்தின் மூலம் கேட்கலாம்.

இவ்வார இரவுச் செபத்துக்குப்பின் குடும்பத்தில் பேசுவதற்கு: உங்கள் பீலிக்கு நீர் எந்த இடத்திலிருந்து வருகிறது? பிள்ளைகளில் எவராவது அங்கே போய்ப் பார்த்ததுண்டா? முப்பது வருடங்களுக்கு முன் பங்குனி மாதத்தில் அதில் எவ்வளவு தண்ணீர் விழுந்தது என்று தாத்தாவிடமோ அம்மாச்சியிடமோ கேளுங்கள்.