நிழற்படத்தின் நிறம் நிலைக்கும் காலம்

திருவண்ணாமலையில் படம் மாட்டாத வீடு அரிது. அண்ணாமலையார் படத்திற்கு அடுத்தபடியாக மாலை பெறுவது மறைந்த முன்னோர் படமேயாம். அப்படம் பழுதுறுங்கால், கடையிற் கொடுத்து ஸ்கேன் செய்வித்து, இன்க்ஜெட் பொறியிற் புதுப்படி அச்சிட்டு வாங்குதல் இந்நாள் வழக்கம். புதியது பளபளப்பாயிருத்தலின் பழையதை எறிந்துவிடுவாரும் உளர். அது தகுமோ என்பதையே யாம் இங்கு ஆராயப் புகுந்தோம்.

பழைய கறுப்பு வெள்ளைப் படத்தில் உருவாய் நிற்பது வெள்ளி என்னும் உலோகம். மருந்து நீர் தங்காமல் நன்கு கழுவப்பெற்றதாயின் அது தலைமுறைகளைக் கடந்து நிற்கும். சான்று நம்மூரிலேயே உண்டு. ஸ்ரீ ரமண மகரிஷியின் புகழ்பெற்ற முகப்படத்தை வெல்லிங் என்பார் எடுத்தது 1946-ஆம் ஆண்டில். மகரிஷி மறைந்தது 1950-இல். அக்காலத்து மூலங்கள் பேணப்பட்டமையாலன்றோ இன்றும் அவற்றின் படிகள் கிரிவலப் பாதையில் விற்கின்றன!

இன்க்ஜெட் படத்தில் வெள்ளி இல்லை. நுண்ணிய மைத்துளிகளே உள. அம்மை இருவகைத்து. சாயமை நீரிற் கரைந்து தாளில் ஊறுவது. ஆதலின் ஒளியும் காற்றும் அதனை எளிதிற் சிதைக்கும். நிறமிமை கரையாத துகள்களால் ஆயது. துகளின் மேற்புறம் கெடினும் உட்புறம் நிற்கும். தமிழ் பயில்வார் ஓலைச்சுவடியை நினைத்தாற் போதும். எழுத்தாணி கீறிய தடத்திற் பூசிய கறுப்பு, விளக்குக்கரி. ஏடு செல்லுக்கு இரையாகுமேயன்றி, கரி ஒளியால் வெளிறுவதில்லை. நிறமிமையின் கறுப்பும் பெரும்பாலும் கரியே.

சாயமையின் நிலையாமைக்கு 2000-ஆம் ஆண்டு நிகழ்ச்சி ஒன்று போதும். எப்சன் நிறுவனத்தின் ஸ்டைலஸ் போட்டோ 870 பொறியில் அச்சிட்ட படங்கள் ஏறத்தாழப் பத்தாண்டு நிற்கும் என்று சொல்லப்பட்டது. அமெரிக்காவில் வாங்கியோர் சிலர் படங்களோ சில வாரங்களிலேயே செம்மஞ்சளாயின. காற்றிலுள்ள ஓசோன், நுண்துளை மிக்க தாளினுட் புகுந்து நீலச்சாயத்தை அழித்ததே காரணம். ஒளியை மட்டும் கொண்டு அளந்த காலம் காற்றின்முன் பயன்படவில்லை. கண்ணாடிச் சட்டத்துள் இட்ட படங்கள் அத்துணை விரைவிற் கெடவில்லை.

இனி, ‘நூறாண்டு நிற்கும்’ என்னும் விளம்பரங்களைப் பற்றி. நூறாண்டு இருந்து பார்த்துச் சொல்வார் யார்? கடும் விளக்கொளியிற் சில மாதம் வைத்து, மங்கிய அளவைக் கொண்டு கணக்கிடுகின்றனர். அமெரிக்க ஆய்வாளர் ஹென்றி வில்ஹெல்ம், வீட்டொளி 450 லக்ஸ், நாளொன்றுக்குப் 12 மணி நேரம் எனக் கொண்டார். கோடக் நிறுவனமோ 120 லக்ஸ் எனக் கொண்டது. ஆகவே கோடக் கணக்கில் நூறாண்டு நிற்கும் படம், வில்ஹெல்ம் கணக்கில் இருபத்தேழு ஆண்டிற்குக் கீழேயே நிற்கும். படம் ஒன்றே, கணக்கே வேறு!

அவ்வீட்டொளி நம் வீட்டொளியன்று. நண்பகல் வெயில் ஏறக்குறைய ஒரு லட்சம் லக்ஸ். வில்ஹெல்ம் கொண்ட ஒருநாள் ஒளி 5,400 லக்ஸ்-மணி. எனவே வெயில் நேரே விழும் சுவரில் ஒரு மணி நேரம், அவர் கணக்கிற் பதினெட்டு நாளை ஒக்கும். வாயிலுக்கு எதிரே படம் மாட்டும் நம்மவர் இதனை எண்ணிப் பார்ப்பதில்லை. கோடைவெப்பமும் கார்த்திகை மாதத்து ஈரமும் வேறு சேர்கின்றன.

ஆகவே புதுப்படி எடுப்போர், மை சாயமா நிறமியா எனக் கடையிற் கேட்டு, நிறமியே கொள்க. கண்ணாடிச் சட்டத்துள் இட்டு, படம் கண்ணாடியில் ஒட்டாதபடி ஓரத்தில் அட்டை வைத்து, வெயில் படாத சுவரில் மாட்டுக. பழைய மூலத்தை அமிலமற்ற தாளுறையில் இட்டு, ஈரமில்லா அலமாரியில் வைத்திடுக. உறையின்மேல் பாட்டனார் பெயரையும் ஆண்டையும் பென்சிலால் எழுதுதல் நன்று. பந்துமுனைப் பேனாவின் மையிலும் சாயம் உண்டு.