இலை சிவக்கும் பாதை

கேள்வி: அமெரிக்காவில் இலையுதிர்காலத்தில் மரங்கள் நிறம் மாறுவது ஏன்? காரிலும் நடந்தும் அதைப் பார்க்க ஏற்ற பாதை எது?

பதில்: பகல் குறுகி இரவுக் குளிர் கூடும்போது இலையில் பச்சையம் சிதைகிறது. அதுவரை மறைந்திருந்த கரோட்டினாய்டு என்ற மஞ்சள் நிறமி வெளியே தெரிகிறது. பிர்ச் மரம் மஞ்சளாவது இதனால்தான். மேப்பிளின் சிவப்பு வேறு வகை: இலையில் தங்கும் சர்க்கரையைக் கொண்டு அந்தோசயனின் புதிதாக உருவாகிறது. வெயிலான பகலும் உறைபனி விழாத குளிர் இரவும் தொடர்ந்தால் சிவப்பு ஆழமாகும். நரம்போரம் பச்சை எஞ்சியிருக்க விளிம்பு மட்டும் சிவந்த இலைகளும் உண்டு.

நியூ ஹாம்ப்ஷயர் மாநிலத்தின் கான்கமாகஸ் நெடுஞ்சாலை இதற்குப் பேர்பெற்றது. லிங்கனிலிருந்து கான்வே வரை மலைக்காட்டினூடே சுமார் 55 கி.மீ. செல்லும் இச்சாலை, கணவாயில் ஏறத்தாழ 870 மீட்டர் உயரத்தைத் தொடுகிறது. நிறமாற்றம் உச்சியில் தொடங்கிப் பள்ளத்தாக்குக்கு இறங்கும்; செப்டம்பர் இறுதி முதல் அக்டோபர் நடுப்பகுதி வரை ஏற்ற காலம். வழியில் பெட்ரோல் பங்க் இல்லாததால் புறப்படும் ஊரிலேயே நிரப்பிக்கொள்ள வேண்டும். சாபடே அருவி சாலையிலிருந்து சிறிது நடை தூரமே. மலையேறுவோர் சாம்ப்னி அருவி வழியாக ஷகோருவா சிகரத்தை அடையலாம். உதிர்ந்த ஈர இலை பாறையில் வழுக்கும். பிடிப்புள்ள காலணி அவசியம்.